மானியத்தில் ஒரு பங்கு படப்பிடிப்புக்கு முன் வரட்டும்

தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அலுவலர்களுக்கும், திரைப்பட மானியத் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். குறைந்த செலவில் தயாராகும் தரமான தமிழ்ப் படங்களுக்கு அரசு வழங்கிவரும் 7 லட்சம் ரூபாய் மானியம் குறித்துக் காவிரிப் படுகையிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். தொகையை உயர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. படம் முடிந்து, தணிக்கைச் சான்றிதழ் பெற்று, திரைக்கும் வந்தபின் கைக்கு வருகிற அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது படப்பிடிப்புக்கு முன்பே கொடுங்கள் என்று கேட்கிறேன்.

இருபது, இருபத்தைந்து லட்சத்தில் படம் எடுக்க நினைப்பவருக்கு வங்கி கடன் கொடுக்காது. அதனால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து மூன்று வட்டிக்குப் பணம் புரட்டுகிறோம். 10 லட்சம் வாங்கினால் மாத வட்டி 30,000 ரூபாய். எடுத்ததைத் தொகுத்து, டப்பிங் முடித்து, ஒலிக்கலவையும் நிறச்சீரமைப்பும் செய்து, தணிக்கைக்கு அனுப்பி, ஏதாவது ஒரு திரையரங்கில் காலைக் காட்சியாவது கிடைக்காதா என்று காத்திருப்பதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் வட்டி மட்டும் 7,20,000 ரூபாய். ஆக, மானியம் முழுவதையும் வட்டிக்காரரிடம் கொடுத்த பிறகும் 20,000 ரூபாய் பாக்கி நிற்கும். அசல் அப்படியே இருக்கும். பல ஆண்டுகளின் படங்களை ஒன்றுசேர்த்துத் தேர்வு நடத்திய காலமும் உண்டு. அப்போது இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் பகுதியில் பணம் பிந்தினால் பருவமும் போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்கும் சம்பா வயலில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு, வாடகைக் கேமராவுக்குப் பணமில்லாமல் நிறுத்தியவர், தை முடிந்து திரும்பி வந்தால் அங்கே அரிதாள்தான் இருக்கும். ஆள் வைத்து அறுத்த காலத்தில் நான்கு நாள் அவகாசமாவது கிடைத்தது. இப்போது அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரு முற்பகலில் வயல் காலி. குறுவைக்குக் காத்திருக்கலாம் என்றால் அது மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா என்பதைப் பொறுத்தது. கூட்டுறவுச் சங்கம் பயிர்க்கடனை நடவுக்கு முன் கொடுக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகு கொடுப்பதில்லை.

முன்பணம் வாங்கியவர் படத்தை முடிக்காவிட்டால் என்ன செய்வது என்று தாங்கள் கேட்பது நியாயமே. திரைக்கதையையும் செலவுத் திட்டத்தையும் குழு ஏற்றதும் 2 லட்சம், படப்பிடிப்பு முடிந்து முதல் தொகுப்பைக் காட்டியதும் 3 லட்சம், சான்றிதழ் பெற்றதும் மீதி என்று தவணை வைத்தால் அரசுக்கு நேரக்கூடிய இழப்பு பெரிதாக இராது. கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்கித் தானே தயாரிக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் தவணை முறைக்காவது வரலாம்.

ஊராரிடம் திரட்டிக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள், 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்ததை எடுத்துக்காட்டுவார்கள். அங்கே பின்னால் ஒரு கூட்டுறவு இணையம் இருந்தது. தனியாள் ஒருவர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஊரில் வசூலித்தால், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரக்கூடும். அன்பளிப்பாகவே வாங்கினாலும், உறவினர் அல்லாதவர்கள் ஓராண்டில் கொடுத்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் ஏறும்.

ஆனால் பணமாக வராத உதவி இங்கே தாராளமாக வருகிறது. குழுவுக்குச் சமைக்க அரிசி, முகூர்த்தமில்லாத நாட்களில் தங்கிக்கொள்ளக் கல்யாண மண்டபம், டிராக்டர், சில வேளைகளில் பம்புசெட்டிலிருந்து மின்சாரம் (அது இலவச மின்சாரம் என்பதால் இதை மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்). இவற்றுக்கு உள்ளூர் வாடகையின்படி மதிப்பிட்டு, தயாரிப்பாளர் போட்ட முதலாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் கையில் உள்ள முதலில் பெரும்பங்கு அதுதான்.

தரமணியில் தங்கள் துறையின் கீழ் இயங்கும் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் தொகுப்பு, ஒலிப்பதிவு வசதிகளை விடுமுறைக் காலத்தில் குறைந்த கட்டணத்துக்குத் தேர்வான படங்களுக்குத் திறந்துவிட்டால், இரண்டாம் தவணையில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்கவேண்டிய தேவையே இராது. அடுத்த விண்ணப்ப அறிவிப்பில் தவணை முறையைச் சேர்க்க இயலுமா என்பதற்குத் துறையின் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சிறு முதலீட்டில் படம் எடுப்பவர் ஒருவர்,
கும்பகோணம்.