ஐ7 என்று மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் 'ஐ7 கேமிங் பிசி, கிராபிக்ஸ் கார்டுடன், மலிவு விலை' என்று அடிக்கடி வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். திருப்பூர், ஈரோடு பக்கம் தீபாவளி போனஸ் போடுகிற சமயத்தில் இது இன்னும் கூடுதலாக வரும். நான் கோபிசெட்டிபாளையத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதுமாக இருப்பவன். அந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய பெட்டிகள் கொஞ்ச நாளில் என் மேசைக்கு வந்துவிடுகின்றன, கூடவே பையனும் அவனுடைய அப்பாவும். "ஏனுங்க தம்பி, ஐ7ன்னா பெரிய நம்பர்தானுங்களே, கார்டு வேற போட்டிருக்குதுங்கறாங்க, அப்புறம் எதுக்குங்க கேம் நின்னு நின்னு ஓடுது?" என்று அப்பா கேட்பார். பையன் வாயைத் திறக்க மாட்டான், ஏனென்றால் அடம்பிடித்து வாங்க வைத்தது அவன்தான்.

விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை, அதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். உள்ளே இருக்கிற பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை, ஐ7 தான். ஆனால் ஐ7-2600, இன்டெல் அதை வெளியிட்டது 2011இல். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றிய பிராசசர், அதற்கு அதே காலத்து எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 என்கிற பழைய வகை ரேம், பிறகு கலர் கலராக விளக்கு எரிகிற கண்ணாடி கேபினட், அவ்வளவுதான் சரக்கு. 2022இல் வந்த ஐ3-12100எஃப் பிராசசரிலும் அதே நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை), ஆனால் அதன் ஒவ்வொரு கோரும் அந்தப் பழைய ஐ7இன் கோரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை பார்க்கும். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று சொல்கிற வரிசை. அதற்குப் பின்னால் வருகிற எண்தான் எந்தத் தலைமுறை என்று காட்டும், 2600 என்றால் இரண்டாவது, 12100 என்றால் பன்னிரண்டாவது. அந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

சரி, பிராசசர் பழையதாகவே இருக்கட்டும், கேமை ஓட்டுவது கிராபிக்ஸ் கார்டுதானே, நல்ல கார்டாகப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. கடைக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை.

திரையில் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், வர வேண்டும் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி நொடிதான் நேரம். நொடிக்கு 144 படம் காட்டுகிற 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் 7 மில்லி நொடிகூடக் கிடையாது. அந்த நேரத்துக்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார் மேல் பட்டது, சுவருக்குப் பின்னால் இருப்பதை வரைய வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கணக்குப் போட்டு 'இதை வரை, இதை வரை' என்று உத்தரவு அனுப்புவது பிராசசர், அந்த உத்தரவை வாங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுப்பது கார்டு. கார்டு ஒரு ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த ஃப்ரேமுக்கான கணக்கில் இருக்கும். ஆக இரண்டில் எது மெதுவோ அதன் வேகம்தான் கேமின் வேகம். பனியன் கம்பெனி தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கட்டிங் மாஸ்டர் துணி வெட்டித் தராமல் பவர் டேபிளில் இருபது டெய்லர் உட்கார்ந்திருந்து என்ன பிரயோஜனம்? டெய்லருக்குச் சம்பளம் ஏறும், பீஸ் வெளியே வராது.

இதில் மானிட்டருக்கும் ஒரு பங்கு உண்டு, அதை யாரும் கேட்பதே இல்லை. 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 2560க்கு 1440 என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். புள்ளி கூடக்கூட கார்டின் வேலை கூடும், ஆனால் பிராசசரின் வேலை பெரிதாக மாறாது, எதிரி எங்கே நிற்கிறான் என்கிற கணக்கு எந்தத் திரையிலும் ஒன்றுதானே. அதனால் ஒரே பிராசசரும் ஒரே கார்டும் 4கே மானிட்டரில் கார்டு திணறுகிற ஜோடியாகவும், சாதாரண 1080 மானிட்டரில் பிராசசர் திணறுகிற ஜோடியாகவும் இருக்க முடியும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வைத்திருப்பது 1080 மானிட்டர்தான், விளையாடுவது வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. இந்த மாதிரி கேம்கள் கார்டை அவ்வளவாகப் பாடுபடுத்தாது, நொடிக்கு 200 ஃப்ரேம், 300 ஃப்ரேம் என்று கேட்கும்போது நெருக்கடி முழுக்கப் பிராசசர் மேல்தான் விழும். அங்கே போய் இருக்கிற பணத்தையெல்லாம் கார்டில் கொட்டிவிட்டு 2011ஆம் வருடத்துப் பிராசசரை வைத்தால் எப்படி? சைபர்பங்க் 2077 மாதிரி கேமை ரே ட்ரேஸிங் (வெளிச்சமும் நிழலும் நிஜம்போல விழக் கணக்குப் போடும் வசதி) போட்டு ஆடுகிறவர்களுக்குக் கார்டுதான் முதல் செலவு, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் ரே ட்ரேஸிங் பிராசசருக்கும் வேலை வைக்கும், கூட்டம் நிறைந்த தெருவில் வண்டி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்குகிற வசதி இருக்கிறதே, எதற்குக் கவலை என்பார்கள். 1080 மானிட்டரில் அதை 'குவாலிட்டி' என்கிற அமைப்பில் வைத்தால் கேம் உள்ளுக்குள் 1280க்கு 720 அளவில்தான் வரைகிறது, பிறகு பெரிதாக்கிக் காட்டுகிறது. கார்டுக்கு நிம்மதி. பிராசசர் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் அதன் சுமை கொஞ்சமும் குறையாது.

எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க என்னிடம் வரவே வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கேம் ஓடும்போது ரெசல்யூஷனை, அதாவது திரைப் புள்ளி அளவை, 720க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் தடை, இறக்கியும் அப்படியே நின்றால் பிராசசர்தான். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போடுகிற விசிங்க்கையும் ஃப்ரேம் லிமிட்டையும் மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சோதனையே தப்பாகிவிடும். கார்டின் பயன்பாடு 95, 99 சதவீதம் என்று காட்டினால் சில பேர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை, கொடுத்த காசுக்குக் கார்டு உழைக்கிறது என்றுதான் அர்த்தம். 50, 60 என்று நின்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பிராசசர் 40 சதவீதம்தானே ஓடுகிறது, அது எப்படித் தடையாகும்' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது எல்லா கோருக்கும் சேர்த்துப் போடுகிற சராசரி. கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர் மேலேயே விழும், அந்த ஒரு கோர் முழுசாக நிரம்பியிருக்க மற்றதெல்லாம் சும்மா கிடக்கும்.

இணையத்தில் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' என்று ஒன்று கிடைக்கிறது, பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் இத்தனை சதவீதம் தடை என்று ஒரு எண்ணைத் துப்பும். என்ன கேம், என்ன செட்டிங்ஸ் என்று ஒழுங்காகத் தெரியாமல் சொல்கிற அந்த எண்ணை வைத்துக்கொண்டு கார்டை மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜோடிப் பொருத்தம் என்பது வேகம் மட்டுமில்லை, கார்டும் போர்டும் பேசிக்கொள்கிற வழியும் சேர்த்துத்தான். ஏஎம்டி 2022 ஜனவரியில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒரு கார்டு விட்டது. நினைவகம் 4 ஜிபி, போர்டோடு பேச நான்கே லேன் (தகவல் போகும் பாதை), அதுவும் பிசிஐஇ 4.0 போர்டை நம்பி (பிசிஐஇ என்பது கார்டைச் சொருகும் இணைப்பு, 4.0 அதன் பதிப்பு). இதைப் பழைய 3.0 போர்டில் போட்டால் அந்த வழி பாதியாகிவிடும், கேமுக்கு 4 ஜிபி பற்றாமல் மெயின் ரேமில் இருந்து எடுக்க வேண்டி வரும்போது தடுமாறும். இதில் வேடிக்கை என்னவென்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் வாங்கியவர்கள், 'போர்டு புதுசுதானே, பி550' என்று இந்தக் கார்டைச் சேர்ப்பார்கள். போர்டு புதுசுதான், ஆனால் 5600ஜி பிராசசர் 3.0 வரைதான் கொடுக்கும். எல்3 கேஷும் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) ரைசன் 5 5600இல் 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி. கார்டு போடாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கிற ஆன்போர்டு கிராபிக்ஸிலேயே ஓட்டுகிறவர்களுக்கு 5600ஜி நல்ல பிராசசர், கார்டு வாங்குவது உறுதி என்றால் 'ஜி' இல்லாததே மேல். இன்டெல் 2024 டிசம்பரில் விட்ட ஆர்க் பி580 கார்டும் அப்படித்தான், 12 ஜிபி நினைவகம், விலைக்கு நல்ல சரக்கு, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் நேரடியாக எட்ட விடும் வசதி) இருக்கிற போர்டு வேண்டும், பழைய பிராசசரோடு சேர்த்தால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரே பிராசசரின் நேரத்தை நிறைய எடுத்துக்கொண்டு எதிர்பார்த்த ஃப்ரேமைக் கொடுக்காது. பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கலாம் என்று மலிவுக் கார்டு தேடுகிறவர்கள்தான் இந்தக் கார்டுகளையே தேடி வருகிறார்கள், பாவம்.

கார்டின் பெயரிலும் இதே கூத்து உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று எழுதியிருப்பார்கள், பெட்டியைத் திருப்பினால் 2048எஸ்பி என்று சின்னதாக இருக்கும், அதாவது கணக்குப் போடும் சின்னப் பகுதிகள் 2048. அசல் 580இல் இருப்பது 2304. ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று. வித்தியாசம் 4 ஜிபி மட்டும்தான் என்று நினைப்போம், நினைவகப் பாதையும் 192 பிட்டில் இருந்து 128 பிட்டாகக் குறைந்திருக்கும்.

அப்புறம், கார்டையும் பிராசசரையும் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். மானிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல் போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகிவிட்டு 'கார்டு வேலை செய்யவில்லை' என்று பவானியில் இருந்தும் சத்தியமங்கலத்தில் இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. அதேபோல 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாகப் போடுவதைவிட எட்டு எட்டாக இரண்டு போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில், ஓடும், பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புப் பகுதியில்) எக்ஸ்எம்பி என்கிற ரேம் வேக அமைப்பைப் போட்டால்தான் ரேம் அதன் முழு வேகத்துக்கு வரும். பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், கேபினட்டோடு இலவசமாக வருவதை நம்பிக் கார்டு போடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பழைய ஐ7ஐ நான் குப்பை என்று சொல்லவில்லை. எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் ஒன்று போட்டுக் கொடுத்தால் டேலி, பில் போடுவது, பாடம் பார்ப்பது எல்லாம் தாராளமாக ஓடும், அந்த விலைக்கு அது நியாயமான பெட்டிதான். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லின் எட்டாவது தலைமுறையில் இருந்துதான். ஏதாவது குறுக்கு வழியில் 11ஐப் போட்டாலும் வேலரன்ட் அதில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்று இந்தப் பழைய பெட்டியில் இல்லாத பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். ஆக 11க்கு மாறினால் அந்தப் பையன் எந்தக் கேமுக்காக வாங்கினானோ அதையே ஆட முடியாது. இதைக் 'கேமிங் பிசி' என்று சொல்லி விற்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் பக்கம் ஒரு பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது என்றால் பாதிப் பேருக்கு அது மாட்டுப் பால் காசு, இல்லாவிட்டால் தறி ஓட்டிய கூலி. 1080 மானிட்டருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், கூட ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060 என்று போட்டால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்காமல் ஓடும். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், கார்டு பழுதானால் திரையே வராது. ஏற்கெனவே பி450 போர்டில் பழைய ரைசன் வைத்திருப்பவர்கள் மொத்தத்தையும் விற்க வேண்டாம், பயாஸை அப்டேட் செய்து 5600ஐ மட்டும் மாற்றினாலே போதும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். கம்ப்யூட்டர் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் பிராசசரின் முழு எண், கார்டின் முழுப் பெயர், அதன் ஜிபி அளவு, ஜிஎஸ்டி பில் உண்டா இல்லையா, இந்த நான்கையும் எழுதி வாங்கிப் போடுங்கள். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் இருப்பதால்தான் எழுத்தைக் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வரிக்கு மட்டும் காசு வாங்காமல் போட உங்கள் விளம்பரப் பிரிவில் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.