பஸ் நிலையத்தில் மானை விரட்டிய அக்காவுக்கு

திருகோணமலை பஸ் நிலைய வாங்கில், பயொப்சி (சதைத் துணுக்குச் சோதனை) அறிக்கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த பெண் நான்தான். மார்பகப் புற்றுநோய் என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள். மான் ஒன்று வந்து உறையைக் கடித்து இழுத்தது. தின்றால் தின்னட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். (நம் ஊர் மான்கள் எதைத்தான் விட்டுவைக்கின்றன!) நீங்கள்தான் விரட்டினீர்கள்.

"அழுங்கள் தங்கச்சி, ஆனால் இந்தக் கடதாசியைத் தொலைத்துவிடாதீர்கள்" என்றீர்கள். உங்களுக்கும் இதே நோய் வந்து போனதாம். அறிக்கையில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று புற்றுநோய்க் கலங்களில் பார்த்த மூன்று சோதனை முடிவுகளையும் விரலால் தொட்டுக் காட்டி, எந்த மருந்து பொருந்தும் என்பதற்கு இவை முக்கியம் என்றீர்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அறிக்கையின் பிரதியோடு போகவும், கேள்விகளைக் கொப்பியில் எழுதவும், கேட்டு நினைவில் வைக்க ஒருவரைக் கூட்டிப்போகவும் சொன்னீர்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் நீர் வடியும் குழாய்ப் போத்தலைத் தொங்கவிட, பழைய சேலையில் பை தைக்கச் சொன்னதும் நீங்களே. அதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. வைத்தியர் அனுமதித்ததும் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை உயர்த்தினேன். முதல் நாள் தோள் வரைகூட எட்டவில்லை. இப்போது கொடியில் துணி போடுகிறேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தேன். இவர் ஒன்றும் பேசாமல் எழுந்து எல்லாக் கோப்பைகளையும் கழுவி வைத்தார்.

மனமார்ந்த நன்றி அக்கா. உங்கள் பெயரைக் கேட்கவில்லை. நீங்கள் வாங்கித் தந்த இஞ்சி பிளேன்டீக்குக் காசும் கொடுக்கவில்லை.