மினி சூடாவுதுன்னு தெர்மோஸ்டாட்ட புடுங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பக்கத்துல ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு, பழைய வெள்ளைக்காரன் காடியெல்லாம் (காருங்க) குளிர் நாட்டுக்குன்னு செஞ்சது, நம்ம வெயிலுக்கு தாங்காது, அதனால தெர்மோஸ்டாட்ட (இஞ்சின் சூடானப்புறம் தண்ணிய ரேடியேட்டருக்கு தொறந்து விடுற கதவு) கழட்டி வீசிட்டு ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு பதிலா கூம்பு மாதிரி இருக்கிற ஸ்போர்ட்ஸ் ஃபில்டர மாட்டுனா இஞ்சின் ஜில்லுனு ஓடும்னு. அண்ணன் கோவிச்சுக்க கூடாது, இந்த ரெண்டையும் செஞ்சு ஹெட் கேஸ்கெட்ட (இஞ்சின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஊதிக்கிட்டவன் நான், அதான் எழுத வேண்டியதா போச்சு.

என்கிட்ட இருக்கிறது 1973 மினி 1000, 998 சிசி, அப்பா தோட்டத்துல கிராணியா (கணக்கு எழுதுறவரா) இருந்த காலத்துல செகண்ட்ஹேண்டா வாங்குனது. இங்க பத்தாங் பெர்ஜுந்தைல (பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்தி எத்தன வருஷம் ஆனா என்ன, எனக்கு வாயில வர மாட்டேங்குது) வீட்டுல இருந்து மெயின் ரோட்டுக்கு வர்றதுக்கு செம்பனைக்கு நடுவுல செம்மண் ரோடு, முன்னால பழம் ஏத்துன லாரி ஒண்ணு போனா போதும், கண்ணாடி முழுக்க செவப்பா ஆயிடும். காடி சூடாவுறதுக்கு வெயில மட்டும் குத்தம் சொல்றோம், இந்த புழுதிய யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

மினில ரேடியேட்டர் மத்த காடி மாதிரி முன்னால இருக்காது. 1959-ல வந்தப்பவே அத வடிவமைச்ச இசிகோனிஸ் பத்தடி நீளத்துக்குள்ள நாலு பேர உக்கார வைக்கணும்னு இஞ்சின குறுக்கால வெச்சு, கியர்பாக்ஸ அதுக்கு கீழேயே தள்ளி, ரேடியேட்டர இடது பக்கம் ஓரமா சொருகிட்டாரு. ஃபேன் காத்த இஞ்சின் பக்கத்துல இருந்து இடது டயருக்கு மேல இருக்கிற குழிக்குள்ள தள்ளும். நம்ம நாட்டுல இடது பக்கம்தான் ரோட்டோரம், சேறும் தண்ணியும் அங்கதான், டயர் அள்ளி அடிக்கிறது நேரா அங்கதான் போகும். என் ரேடியேட்டர கழட்டி பாத்தப்ப ஃபின்னு தகடுங்களுக்கு நடுவுல செம்மண்ணும் கசிஞ்ச ஆயிலும் சேந்து தோசைக்கல்லுல கருகுன அடை மாதிரி புடிச்சிருந்துச்சு, சொரண்டுனா செம்பனை நாரு, ஒரு வெட்டுக்கிளி றெக்க. பழைய டூத் பிரஷ்ஷும் சவுக்காரத் தண்ணியும் வெச்சு ஒரு மத்தியானம் முழுக்க ஒக்காந்தேன். காத்து இஞ்சின் பக்கம் இருந்து டயர் பக்கம் போகுதுல்ல, அப்ப ஓஸ்ல தண்ணி அடிக்கிறது டயர் பக்கம் இருந்து உள்ள அடிக்கணும், இல்லன்னா அழுக்கு இன்னும் ஆழமா போய் குந்திக்கும்.

இது தெரியறதுக்கு முன்னாடி நான் ஒரு போமென்கிட்ட (மெக்கானிக்) போனேன், எந்த கடைன்னு சொல்ல மாட்டேன், அவரும் பொழைக்கணும். பாத்த உடனே தெர்மோஸ்டாட்ட புடுங்கி எறிஞ்சாரு, தண்ணி தாராளமா ஓடும் தம்பின்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த இஞ்சின்ல தெர்மோஸ்டாட் வெறும் கதவு மட்டும் இல்ல, தண்ணிக்கு ஒரு தடையும் அதுதான், அது இல்லன்னா தண்ணி கிட்ட வழியிலயே சுத்திட்டு வந்துடும், பம்புக்கு தூரமா இருக்கிற நாலாவது சிலிண்டருக்கு ஒழுங்கா போகாது. இதுல இன்னொரு வில்லங்கம், டெம்பரேச்சர் மீட்டருக்காக சூட்ட அளக்கிற சென்சார், ஹெட்டோட ரேடியேட்டர் பக்கத்து ஓரத்துல தெர்மோஸ்டாட்டுக்கு கீழதான் இருக்கு, அதனால முள்ளு சாதுவா நடுவுல நிக்கும், நாலாவது சிலிண்டர் பக்கம் வெந்துக்கிட்டு இருக்கும். எனக்கு மூணாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவுலதான் கேஸ்கெட் போச்சு. கழட்டித்தான் ஆகணும்னா அந்த எடத்துல போடுறதுக்குன்னே ஒரு வளையம் விக்குது, அத போடுங்க. என்ன கேட்டா 82 டிகிரிக்கு பதிலா சூட்டு நாட்டுக்குன்னு வர்ற 74 டிகிரி தெர்மோஸ்டாட்ட போட்டுட்டு பேசாம இருங்க. ரேடியேட்டர் மூடியில ரப்பர் காஞ்சிருந்தாலும் மாத்திடுங்க, ரப்பர் போன குக்கர்ல பிரஷர் நிக்காது இல்லையா, அதே கததான்.

இப்ப அந்த கூம்பு ஃபில்டர். மினில இருக்கிற எஸ்யூ கார்புரேட்டர்ல (காத்தையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு விடுறது) பெட்ரோல அளந்து விடுறது ஒரு ஊசி, அந்த ஊசி பழைய டப்பாவோட தடைக்கு கணக்கு பண்ணி வெச்சது. தடைய எடுத்துட்டு ஊசிய மாத்தாம விட்டா காத்து கூட, பெட்ரோல் கம்மி, அப்ப எரியுற சூடு ஏறும், வால்வு கருகும். குளுமைக்குன்னு போட்டது சூட்ட ஏத்துது, எப்படி இருக்கு பாருங்க. அது போதாதுன்னு கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், இஞ்சினுக்கு பின்னால, டப்பா இல்லாத ஃபில்டர் அந்த கொதிக்கிற காத்தத்தான் உறிஞ்சும். பழைய டப்பாவோட மூக்குக்கு ரெண்டு நெல இருக்கு, குளிருக்கு எக்ஸாஸ்ட் பக்கம் திருப்பி வைக்கணும், வெயிலுக்கு தள்ளி வைக்கணும், குளிர் நாட்டுக்காரன் நமக்கும் யோசிச்சுத்தான் வெச்சிருக்கான். இங்க நான் பாத்த மினில பாதி எக்ஸாஸ்ட் பக்கம்தான் திரும்பி இருக்கு, கேமரன் மலையில பனி கொட்டுதுன்னு நெனப்பு.

டப்பா இருந்தும் உள்ள இருக்கிற ஃபில்டர் பேப்பர அடைக்க விட்டா அது வேற கத, பெட்ரோல் கூடிப் போய் பிளக் கரியா ஆயிடும், வெளக்குல வெச்சு பாத்தா வெளிச்சம் தெரியலன்னா மாத்துங்க, புத்தகத்துல போட்ட மைல் கணக்கெல்லாம் தார் ரோட்டுக்கு. ஃபில்டர தாண்டி மண்ணு உள்ள போச்சுன்னா மினிக்கு டபுள் அடி, இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்.

பக்கத்து லயத்து மாமா வோக்ஸ்வேகன் பீட்டல் வெச்சிருக்காரு, தண்ணியே இல்லாத காடி, என்ன பாத்து சிரிப்பாரு. ஆனா அதுல டைனமோவுக்கும் ஃபேனுக்கும் ஒரே பெல்ட், செவப்பு லைட் எரிஞ்சா பேட்டரிதானன்னு ஓட்டிட்டு வந்தா இஞ்சின் போச்சு, அவரே ஒருக்கா கோலசிலாங்கூர் ரோட்டுல நின்னிருக்காரு. அதுல ஏர் கிளீனர் ஆயில் ஊத்துற சட்டி, அடியில செவப்பு சேறு தங்கும், மாசம் ஒருக்கா வழிச்சு போடுவாரு. அந்த சேத்த ஒரு நாள் கண்ணால பாத்த பெறகுதான் எனக்கு புத்தியே வந்துச்சு.

ஆனா அதுக்குள்ள என் பழைய ஏர் கிளீனர் டப்பாவ அந்த போமென் இரும்புக்காரனுக்கு போட்டுட்டாரு. வாசகர்கள் யார்கிட்டயாவது 998-க்கு உள்ள டப்பா, மூக்கோட, துருப்புடிச்சிருந்தாலும் பரவால்ல, இருந்தா உங்க பத்திரிகைக்கு ஒரு வரி எழுதி போட சொல்லுங்க ஐயா, வந்து எடுத்துக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய மினிக்காரன்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்