சர்க்கரை நோயாளியின் மனத்தையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு நோயாளிகளுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி, அதை ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் அக்காவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலில் வந்த புண் ஆறாமல், கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போவதை விட்டார். அக்கம்பக்கத்தில் பேசுவதையும் விட்டார். வயதாகிறது, கால் வலி இருக்கிறது என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் மருத்துவர் மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, வாயைக் கட்டச் சொல்லிக் கண்டித்து, மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். ஒருநாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோது, பிரிக்காத மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு மாதவாரியாக அடுக்கியிருந்தன. மாதம் தவறாமல் வாங்கியிருக்கிறார், ஒன்றையும் விழுங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "யாருக்காகச் சாப்பிடணும்?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இதில் பலரும் அறியாத ஓர் ஆபத்து இருக்கிறது. நோயாளி மருந்தே எடுக்கவில்லை என்று தெரியாமல் மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போக, வீட்டார் ஒருநாள் விஷயம் தெரிந்து பதறி, சீட்டில் உள்ளதை உள்ளபடியே கொடுக்கத் தொடங்கினால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். நல்லவேளையாக நாங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினோம். அவர் பழைய சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, குறைந்த அளவிலிருந்து புதிதாக எழுதிக் கொடுத்தார்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது மருத்துவ உலகம் வெகுநாளாக அறிந்த செய்தி. ஆனால் அசதி, தூக்கமின்மை, பசியில் மாற்றம் ஆகிய அடையாளங்கள் இரண்டு நோய்க்கும் பொதுவானவை என்பதால், எல்லாவற்றையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். போதாக்குறைக்கு, சர்க்கரை ஏறினால் அது நோயாளியின் குற்றம் என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் பேசிப் பேசி, அவரே தம்மை வெறுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். இதை எழுதும்போது என் குரலும் அதில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் அக்காவிடம் முதன்முதலாக வேறு விதமாகக் கேட்டவர், காலுக்குக் கட்டு மாற்றிய ஒரு செவிலியர். "ராத்திரி தூங்குறீங்களாம்மா? முன்னே பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?" என்று அவர் பஞ்சை எடுத்துக்கொண்டே கேட்க, அக்கா அரை மணி நேரம் பேசினார், அழுதார். அதன் பிறகே மனநல ஆலோசனைக்குச் சம்மதித்தார்.

ஆலோசனையால் சர்க்கரை இறங்குமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கட்டுக்குள் வராத நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்த 404 பேரை வைத்து, சென்னை உள்ளிட்ட நகரங்களில் நான்கு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நோயாளியோடு தொடர்ந்து பேசிவர, வல்லுநர்கள் அவ்வப்போது அந்த ஒருங்கிணைப்பாளருக்கு வழிகாட்டினர். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் போதிய அளவு இறங்கியவர்கள், இந்த உதவியைப் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 72 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 57 பேர்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். போன மாத மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று அட்டையை வாங்கிப் பார்க்கவும், கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கவும் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். 'மனநோய்' என்ற சொல்லே கதவைச் சாத்திவிடும் என்பதால், கேள்வி வீட்டுப் பேச்சாகவும், மற்றவர் காதில் விழாமலும் இருக்க வேண்டும். கூடுதல் வேலைக்கு அந்தப் பெண்களுக்குக் கூடுதல் ஊதியமும் தர வேண்டும். கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லாவிட்டால் கேட்பதே கொடுமையாகிவிடும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை நோயாளிகள் வரும் நாளில் ஓர் ஆலோசகர் கட்டாயம் இருக்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் இருப்பதாகச் சொல்பவரை அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்க ஏற்பாடு வேண்டும். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணை மாத்திரை உறையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி