மாதர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவி அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்களும் வாணி விழாவும் வழமைபோல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல விரும்புவது இவ்வாண்டு கொழும்பு வெள்ளவத்தையில் தொடங்கிய நகை திருத்தும் வகுப்பைப் பற்றித்தான்.

பவுன் விலை மிகவும் ஏறிவிட்ட காலம் இது. கலியாண வீட்டுக்குக்கூடக் கவரிங்கோடுதான் போகிறோம். கடற்காற்றும் வியர்வையும் பட்டு அது சீக்கிரமே கறுத்துவிடுகிறது, மேசை லாச்சிக்குள் போய்விடுகிறது. அப்படிக் கிடந்தவற்றைத்தான் கொண்டுவரச் சொன்னோம்.

அதிகம் வந்தவை பிள்ளைகளின் பரதநாட்டிய நகைகள். நெற்றிச்சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் சிவப்புக் கல் விழுந்த குழிகள். சுப்பர் குளூ வைத்தால் கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் இரண்டு குழாய்களில் வருவதைக் கலந்து ஒட்டும் பசையையே பயன்படுத்தினோம். குழியின் பழைய பசையை ஊசியால் சுரண்டி, சொக்லேட் சுற்றிவரும் பொன்தாளில் ஒரு பொட்டளவு வெட்டி உள்ளே வைத்து, பல்லுக்குத்தும் குச்சி முனையால் பசை தொட்டுக் கல்லை அமர்த்த வேண்டும். ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும். பொன்தாள் இல்லாவிட்டால் கல் மங்கித் தெரியும், மேடை வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்துவிடும். இப்படித் திருத்திய செட்டுகளைச் சங்கத்திலேயே வைத்து, வாங்க வசதியில்லாத மாணவிகளுக்கு இரவல் கொடுக்கிறோம். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த வேலை இதுதான்.

கறுத்த வெள்ளிக் கொலுசுகளுக்குக் கடைப் பொலிஷ் தேவைப்படவில்லை. பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, கொலுசு அதில் படும்படி வைத்து, அப்பச்சோடாவும் சுடுநீரும் ஊற்றினால் போதும். கறுப்பிலுள்ள கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. முத்தோ கல்லோ பதித்தவற்றை மட்டும் அதில் போடக் கூடாது.

அப்புறம், நகையின் துண்டுகளை இணைக்கும் சிறு வளையத்தைக் குறட்டால் இழுத்து அகட்டாமல் பக்கவாட்டில் திருகித் திறப்பது, முத்துகளுக்கு இடையே முடிச்சுப் போட்டுக் கோர்ப்பது, தோலில் பச்சை படியாமல் மோதிரத்தின் உட்புறம் நிறமில்லாத கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசுவது எல்லாம் பழகினோம். காது புண்ணாகிறவர்களுக்குத் தோட்டுக் கொழுவியையே மாற்றிக் கொடுத்தோம். கியூட்டெக்ஸ் பூச்சு நாளடைவில் உரியும், திரும்பப் பூச வேண்டும்.

தாலி, தங்கம், அம்மம்மா காலத்து அட்டியல் எதிலும் நாங்கள் கை வைக்கவில்லை. அவற்றைச் செட்டியார் தெருவில் நம்பிக்கையான பத்தரிடமே கொடுங்கள். பசை பட்ட தங்கத்தைத் திருத்துவது அவருக்கும் இரட்டை வேலை.

வரும் ஆண்டுக்கு இரண்டு சோடிக் குறடுகளும் நல்ல மேசை விளக்கு ஒன்றும் வேண்டும். கோர்க்கும் நூலும் கொழுவிகளும் புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கலாம் என்பது செயற்குழுவின் முடிவு. ஒற்றைத் தோடு, அறுந்த மணிமாலை இருந்தால் எறியாமல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இடம் தந்தவர்களுக்கும் கூட இருந்து பழக்கிய அங்கத்தவர்களுக்கும் நன்றி.

இவ்வண்ணம்,
செயலாளர்