ஆன்டிபாடி ஊசி வாங்குகிற நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கவுன்ட்டரில் நின்று பேசித் தீராத விஷயம், அதனால் எழுதுகிறோம். புற்றுநோய், மூட்டுவாதம், சொரியாசிஸ், நாய்க்கடி என்று சீட்டோடு வருகிறவர்கள் பலருக்கு எங்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு. முந்தின நாளே சொல்லி வைக்கச் சொல்கிறோம், ஐஸ் பெட்டி இல்லாமல் வந்தால் மருந்தைக் கையில் தருவதில்லை, வாசலைத் தாண்டிய குப்பியைத் திரும்ப வாங்குவதில்லை, "அந்தக் கம்பெனி இல்லையென்றால் வேறு கம்பெனி கொடுங்க" என்றால் டாக்டரிடம் கேட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறோம். பாராசிட்டமால் வாங்கும்போது இந்தக் கெடுபிடி எதுவும் கிடையாதே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

மாத்திரை என்பது பெரும்பாலும் ரசாயனம். ஆஸ்பிரினின் மூலக்கூறு எடை 180. நீங்கள் வாங்கிப் போகிற ஆன்டிபாடி ஒன்றின் எடை ஏறக்குறைய 1,50,000. இது புரதம், சரியாக மடிந்து ஒரு வடிவத்தில் இருந்தால்தான் வேலை செய்யும், அந்த வடிவம் குலைந்தால் குப்பிக்குள் இருப்பது பார்க்க அதே தெளிந்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும், ஆனால் மருந்து போயே போச்சு. நிறம் மாறாமலே கெட்டுப்போவதுதான் இதில் பெரிய தொல்லை.

கிருமி நுழைந்தால் நம் உடம்பே ஆன்டிபாடி செய்துகொள்ளும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் போய் ஒட்டுகிற புரதம் அது. அதையே வெளியில் வேண்டிய அளவுக்குச் செய்யும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், 1984-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆனால் அது எலியின் ஆன்டிபாடி. மனித உடம்பு அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு எதிர்த்தது. அப்புறம் கிரெக் வின்டர் என்ற விஞ்ஞானி 1986-இல் எலி ஆன்டிபாடியில் ஒட்டுகிற நுனிகளை மட்டும் எடுத்து மனித ஆன்டிபாடியில் பொருத்திக் காட்டினார். மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற டிராஸ்டுசுமாப் அந்த வழியில் செய்தது, 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதுகெலும்பு வாதத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் போடுகிற அடாலிமுமாப் 2002-இல் வந்தது, அதில் எலிப் பகுதியே கிடையாது.

தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம், விலையைக் கேட்டு அதிர்ச்சியாகிறவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். சைனீஸ் ஹாம்ஸ்டர் என்ற சின்ன எலி வகையின் சினைப்பையிலிருந்து 1957-இல் எடுத்து, இன்றுவரை வளர்த்துக்கொண்டே இருக்கிற செல்கள் உண்டு. ஆன்டிபாடிக்கான ஜீனை அந்தச் செல்லுக்குள் வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான செல்களில் நன்றாகச் சுரக்கிற ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து பெருக்கி, கடுங்குளிரில் சேமித்து வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து உருக்கி, சிறிய குடுவை, பெரிய குடுவை என்று வளர்த்து, கடைசியில் ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டிக்குப் போகும். சூடு, காற்று, சர்க்கரை எல்லாம் அளந்து அளந்து, ஏறத்தாழ இரண்டு வாரம். லிட்டருக்குச் சில கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். அதை வடிகட்டி, வேறு புரதங்களைப் பிரித்து, வைரஸ் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அமிலத்தில் வைத்துச் செயலிழக்கச் செய்து, மீண்டும் நுண்வடிகட்டியில் விட்டு, சோதனை மேல் சோதனை. தொட்டியில் ஒரு பாக்டீரியா நுழைந்தாலும் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும்: விலை முழுவதும் தயாரிப்புச் செலவு என்று நாங்கள் நம்பவில்லை. காப்புரிமை இருக்கும்வரை ஒரு விலை, முடிந்தபிறகு வேறு விலை என்பதைப் பத்து வருடமாகக் கடை வைத்திருக்கிற யாரும் பார்த்திருப்பார்கள்.

காப்புரிமை முடிந்தபின் வேறு கம்பெனிகள் செய்வதைப் பயோசிமிலர் என்கிறார்கள். நம் நாட்டில், சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் மூட்டுவாதத்துக்கும் தருகிற ரிட்டுக்ஸிமாப் 2007-லேயே இப்படி வந்தது. டிராஸ்டுசுமாப், அடாலிமுமாப் இரண்டும் 2014-இல் வந்தன. நல்ல மருந்துகள், எத்தனையோ குடும்பங்களுக்குச் சிகிச்சையே இவற்றால்தான் கைக்கு எட்டியது. ஆனால் செல் வேறு, தொட்டி வேறு, ஆன்டிபாடியின் மேல் ஒட்டிக்கொள்கிற சர்க்கரைச் சங்கிலிகளும் கொஞ்சம் மாறும். வேலை ஒன்றுதான் என்று சோதித்து நிரூபித்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள், இருந்தாலும் நடுவில் கம்பெனியை மாற்றுவது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. கடையில் ஸ்டாக் இல்லை என்பதற்காக நாங்கள் எடுக்கக் கூடாது. மாற்றினால் எந்தத் தேதியில், எந்த பேட்ச் நம்பர் என்று நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் ஒவ்வாமை வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பெயர் விஷயத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். டிராஸ்டுசுமாப் ஒன்று. டிராஸ்டுசுமாப் எம்டான்சின் வேறு. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் இன்னும் வேறு. பின்னவை இரண்டிலும் ஆன்டிபாடியின் முதுகில் செல்லைக் கொல்லும் மருந்தைக் கட்டி அனுப்புகிறார்கள், அளவும் வேறு வேறு. டிராஸ்டுசுமாப்பைச் சாதாரண சலைனில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் தண்ணீரில் கலந்தால் புரதம் திரளும். டெருக்ஸ்டெகானுக்கு நேர் எதிர், டெக்ஸ்ட்ரோஸ் மட்டும்தான். கலக்குவது நர்ஸின் வேலை என்றாலும் பாட்டிலை எங்களிடம் வாங்குகிறவர் நீங்கள். அதனால்தான் "சீட்டில் முழுப் பெயரும் இருக்கிறதா, பாதிதான் இருக்கிறதா" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறோம்.

ப்ரிட்ஜ் பற்றி. 2 முதல் 8 டிகிரி. நடுத் தட்டில், பின்சுவரில் படாமல், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். கதவில் வேண்டாம், ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம். வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, உறைந்தாலும் கெடும் என்பது தெரிவதில்லை. ஜெல் பேக்கைக் குப்பியோடு ஒட்டி வைத்தால் அங்கேயே உறைந்துவிடும், நடுவில் ஒரு துணி வேண்டும். குலுக்காதீர்கள், நுரை தள்ளினால் புரதம் திரளும், திரண்ட புரதத்தை உடம்பு எதிரியாகப் பார்க்கும். அடாலிமுமாப் அட்டையில் 25 டிகிரி வரை 14 நாள் வெளியில் இருக்கலாம் என்று போட்டிருப்பதைக் காட்டி ஐஸ் பெட்டி வேண்டாம் என்பவர்கள் உண்டு. சரி, மே மாதம் நம் ஊரில் 25 டிகிரி அறை எங்கே இருக்கிறது, ஏசி போட்ட பேங்க்கைத் தவிர? கரண்ட் போனால் ப்ரிட்ஜைத் திறக்காமல் இருங்கள், நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு எங்களுக்கு போன் செய்யுங்கள். ரிட்டர்ன் எடுக்காததற்கும் இதுதான் காரணம்: உங்கள் வீட்டில் இருந்த குப்பி என்ன சூட்டில் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அதை இன்னொருவர் உடம்பில் ஏற்ற விற்க முடியாது.

இப்போது நாய்க்கடி. இது அவசரம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் போகவில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பூசி, அதைக் கைவிட்டு ரொம்ப காலம் ஆகிறது. இன்றைய தடுப்பூசி கையில்தான். ஆனால் அது போட்டபின் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வைரஸ் நரம்பைப் பிடித்துவிடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு ரெடிமேட் ஆன்டிபாடியையும் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போடச் சொல்வது அதனால்தான். முன்பு இதற்குக் குதிரை ரத்தத்திலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ எடுத்த சீரம் மட்டும்தான் இருந்தது. இப்போது செல்லில் வளர்த்த ஆன்டிபாடியும் இந்தியக் கம்பெனிகளிடமிருந்தே வருகிறது. இங்கே ஒரு பொறி உண்டு: குதிரை சீரத்துக்குக் கிலோ எடைக்கு 40 யூனிட், மனித சீரத்துக்கு 20, புதிய ஆன்டிபாடியில் ஒரு பிராண்டுக்கு 3.33, இன்னொரு பிராண்டுக்கு 40. அறுபது கிலோ ஆளுக்கு ஒன்றில் 200 யூனிட், மற்றொன்றில் 2,400. "எல்லாம் நாய்க்கடி ஊசிதானே, இருக்கிறதைக் கொடுங்க" என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் இதைப் போட மாட்டார்கள், ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் கூடாது. கடித்தவுடன் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். பிறகு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே இலவசம். எங்கள் வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

நோயைக் கண்டுபிடிக்கவும் இதே ஆன்டிபாடிதான். கர்ப்பப் பரிசோதனை கார்டில் கோடு விழுவது, அட்டையில் உலர்த்தி ஒட்டிய ஆன்டிபாடி சிறுநீரில் இருக்கிற ஹார்மோனைப் பிடிப்பதால். உலர்ந்திருப்பதால் ப்ரிட்ஜ் தேவையில்லை, ஈரம்தான் ஆகாது, உறையைப் பிரித்தவுடன் பயன்படுத்திவிடுங்கள். மார்பகக் கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்2 (டிராஸ்டுசுமாப் போய் ஒட்டுகிற புரதம்) என்று 0, 1+, 2+, 3+ போட்டிருப்பதும் ஆன்டிபாடி ஒட்டிய அளவைப் பார்த்துத்தான். 3+ என்றால் டிராஸ்டுசுமாப்புக்கு வேலை இருக்கிறது, 2+ என்றால் இன்னொரு சோதனை கேட்பார்கள், அந்தச் செலவைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்.

அதேபோல மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு டாராடுமுமாப் போடுகிறவர்கள் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் ரத்த வங்கியில் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஆன்டிபாடி சிவப்பணுவிலும் ஒட்டுவதால் பொருத்தம் பார்க்கிற சோதனை குழம்பும், கடைசி ஊசிக்குப் பின் ஆறு மாதம் வரைக்கும்கூட. அடாலிமுமாப் தொடங்கும் முன் டிபி சோதனையும், ரிட்டுக்ஸிமாப்புக்கு முன் மஞ்சள் காமாலை பி சோதனையும் டாக்டர் எழுதியிருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, காலிக் குப்பி. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது, விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து வேறு மருந்தை நிரப்பி விற்றவர்கள். ஊசி போட்டு முடிந்ததும் லேபிளைக் கிழித்துவிட்டு, குப்பியை அங்கேயே ஆஸ்பத்திரிக் கழிவில் போடச் சொல்லுங்கள், அட்டைப் பெட்டியையும் கிழித்துவிடுங்கள். காலிக் குப்பிக்குக் காசு தருகிறேன் என்று யாராவது கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள். பில் இல்லாமல், பாதி விலைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஊசியை வாங்காதீர்கள்.

ஐஸ் பெட்டி இல்லாதவர்களுக்கு டெபாசிட் வாங்கிக்கொண்டு எங்கள் பெட்டியையே தருகிறோம், அடுத்த ஊசிக்கு வரும்போது திருப்பித் தந்து பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் தூரமாகப் போகிறவர்கள் எத்தனை மணி நேரம் என்று சொன்னால் அதற்கேற்ப ஜெல் பேக் போடுவோம். சீட்டு, முந்தைய பில், நோட்டு மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக் கடை மருந்தாளுநரும் கவுன்ட்டர் ஊழியர்களும்