1984ஐயும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாங்காங்கை 2-1 என்று வென்று சிங்கப்பூர் 2027 ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்ற செய்தியை விரிவாகவே போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரி உறுத்தியது. ‘ஆசியக் கிண்ணத்தில் சிங்கப்பூர் விளையாடப்போவது இதுவே முதன்முறை’ என்று போட்டிருந்தீர்கள். முதன்முறை இல்லை. முதன்முறை நடந்தபோது நான் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

1984 டிசம்பர். எனக்கு 21 வயது, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருந்தேன். அந்த ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டி முழுவதும் நம் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில்தான் நடந்தது. பத்து அணிகள், இரண்டு பிரிவுகள். நம் பிரிவில் சீனா, ஈரான், ஐக்கிய அரபு சிற்றரசுகள், இந்தியா. முகாமிலிருந்து வெளியே வர அனுமதி கிடைத்த நாளில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குப் போனேன். எம்ஆர்டி ரயில் வராத காலம். பேருந்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கப்பலேறி வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். “யார் ஜெயிச்சாலும் நமக்கு நஷ்டமில்ல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் கச்சாங் பூத்தே (கடலை, பயறு வகை நொறுக்குத்தீனி) விற்ற நம்மாளிடம் ஆளுக்கொரு காகிதப் பொட்டலம் வாங்கினோம். பழைய அரங்கத்தின் இருக்கைகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: நீளமான மரப்பலகைகள். கோல் விழுந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் காலால் உதைப்பார்கள், உட்கார்ந்திருக்கும் இடமே அதிரும். காலாங் முழக்கம் என்று இன்றும் சொல்கிறார்களே, அதில் பாதி தொண்டையிலிருந்து வந்தது, பாதி செருப்பிலிருந்து வந்தது. முதல் கோல் விழுந்தபோது அப்பா கச்சாங்கைக் கொறித்தபடி சும்மா இருந்தார். இரண்டாவது கோலுக்கு அவர் காலும் பலகையை உதைத்தது. உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, “பாவம்டா அந்தக் கோல்காவலர் பையன்” என்றார். ஆட்டம் 2-0.

அந்தப் பிரிவில் சிங்கப்பூர் எடுத்தது என்ன என்று பார்ப்போம். இந்தியாவிடம் வெற்றி. ஈரானுடன் 1-1 என்று சமன். சீனாவிடம் 0-2, சிற்றரசுகளிடம் 0-1 என்று தோல்வி. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் மூன்று புள்ளிகள், ஐந்து அணிகளில் நான்காவது இடம். மூன்று கோல் போட்டோம், நான்கு வாங்கினோம். அந்தச் சீனா இறுதியாட்டம் வரை போய்ச் சவூதியிடம் தோற்றது. ஈரான் அரையிறுதியில் அதே சவூதியிடம் பெனால்டியில்தான் விழுந்தது.

‘ஏற்று நடத்திய நாடு என்பதால் சும்மா கிடைத்த இடம்தானே’ என்று காப்பிக்கடையில் பக்கத்து மேசைத் தம்பி ஒருவர் சொன்னார். சரி, இடம் சும்மா கிடைத்தது. புள்ளிகள் சும்மா கிடைத்தனவா? இந்தியாவும் ஈரானும் தகுதிச் சுற்றில் விளையாடி, ஜெயித்து வந்த அணிகள். ஒன்றை வென்றோம், இன்னொன்றை வெல்ல விடவில்லை. ஏற்று நடத்துகிற எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. 2007இல் நான்கு நாடுகளில் ஒன்றாக நம் பக்கத்து வீட்டு மலேசியா நடத்தியபோது மூன்று ஆட்டத்திலும் தோல்வி. போட்டது ஒரு கோல், வாங்கியது பன்னிரண்டு. மலேசியாவைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. (கொஞ்சம் குத்திக்காட்டவும்தான். அவர்கள் அணிகளோடு நாம் மோதிய பழைய மலேசியக் கிண்ணத்துக் கணக்கு இன்னும் தீரவில்லை.)

இன்னொன்றும் உண்டு. 1984இல் ஆசியா முழுவதற்கும் பத்தே இடங்கள். 2027இல் இருபத்து நான்கு. வாசல் அகலமாகிவிட்டது என்பதால் இன்றைய பையன்களின் சாதனை சிறிதாகிவிடாது. அதே மாதிரி, 1984இல் வாசல் திறந்தே இருந்தது என்பதால் அன்று உள்ளே போய் ஆடியவர்களின் ஆட்டமும் இல்லாமல் போய்விடாது.

இந்த அணியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தத் தகுதிச் சுற்றில் டாக்காவில் வங்காளதேசத்தை 2-1 என்று வென்றார்கள். காலாங்கில் இந்தியாவுடன் 1-1. கடைசி நிமிடங்களில் கோல் வாங்கியபோது நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். அப்புறம் ஐந்தே நாளில் கோவாவுக்குப் போய், அங்கே முதலில் கோல் வாங்கியும் சோங் உய் யங் போட்ட இரண்டு கோலில் 2-1 என்று ஜெயித்தார்கள். நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் கதை இன்னும் மோசமாகத் தொடங்கியது. இடைவேளையில் 0-1. அதற்கு அப்புறமும் ஒன்றும் நடப்பதாகத் தெரியாததால், எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். மனைவி கூப்பிட்ட சத்தத்தில் ஓடி வந்தால் ஷாவால் அனுவார் சமன் செய்திருந்தார். கையைத் துடைக்காமல் நின்றபடியே பார்த்தேன், சில நிமிடங்களில் இல்ஹான் ஃபாண்டி இரண்டாவதைப் போட்டார். அவருடைய அப்பா, அந்தக் கால நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி அகமதுவுக்காகத் தொண்டை வற்றக் கத்தியவன் நான். இடைக்காலப் பயிற்றுநராக வந்த கவின் லீ, பெரிய பெயர் கொண்ட வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் பலரால் முடியாததைச் செய்துகாட்டினார்.

இவ்வளவு நாள் ஏன் முடியவில்லை என்றால், தகுதிச் சுற்றில் ஒரு நாள் புலி, மறுவாரம் பூனை என்பதுதான் நம் வழக்கம். 2006 பிப்ரவரியில் ஈராக்கை 2-0 என்று வீழ்த்தினோம். ஒரு வாரம் கழித்துப் பாலஸ்தீனத்திடம் தோற்றோம். நாம் வீழ்த்திய அதே ஈராக், மறு ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கிண்ணத்தையே தூக்கியது. நாம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தென்கிழக்காசியக் கிண்ணத்தை நான்கு முறை வென்ற அணி இது. 1998இல் ஹனோயில் நம் ஆட்டக்காரர் சசிகுமாரின் தோளில் பட்டுப் போன கோலை மறக்க முடியுமா? ஆனால் ஆசியா என்று வந்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஆட்டத்தில் சறுக்கிவிடுவோம். அதனால்தான் ‘தகுதிச் சுற்றில் வென்று போவது முதன்முறை’ என்று நீங்கள் எழுதியிருந்தால் நானே அதை வெட்டி ஒட்டிவைத்திருப்பேன். அது உண்மை. ‘விளையாடப்போவது முதன்முறை’ என்பது உண்மையில்லை.

பழைய அரங்கத்தை இடித்தபோது அந்த மரப்பலகைகளில் சிலவற்றைப் பொது இடங்களில் பெஞ்சுகளாக்கிப் போட்டதாகச் சொன்னார்கள். பலகைக்குக் கொடுத்த மரியாதையை ஆட்டக்காரர்களுக்கும் கொடுக்கலாமே என்றுதான் கேட்கிறேன். அவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களும் தங்கள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கக்கூடும்.

2027 ஜனவரியில் சவூதியில் போட்டி தொடங்கும்போது எப்படியும் ஒரு சிறப்புப் பக்கம் போடுவீர்கள். அதில் ஒரு மூலையில் 1984இன் அந்தப் பிரிவு அட்டவணையைப் போடுங்கள். ஐந்து வரிதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தோ பாயோ